தயங்குகிறவரைத் தேடுங்கள்: பேட்ரிக் ஹென்றியின் 1775 பேச்சை முதன்முறை வாசிப்பவர்களுக்கு

பேட்ரிக் ஹென்றி யாரென்று தெரியாதவர்களுக்குக்கூட அவர் பேச்சின் கடைசி வரி காதில் விழுந்திருக்கும்: "எனக்கு விடுதலையைக் கொடுங்கள், இல்லையேல் சாவைக் கொடுங்கள்." பேச்சுப் போட்டி மேடைகளில் இந்த ஒரு வரியை முழங்கிக் கைதட்டல் வாங்கிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரிக்கு முன்னால் இருக்கும் பேச்சைப் படித்திருக்கிறாயா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. அன்று மண்டபத்தில் இருந்தவர்களை அந்த வரி உலுக்கியதென்றால், அதற்கு முந்தைய பத்திகள் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் செய்திருந்தன.

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய அரசியல் பேச்சுகளை வாய்விட்டு வாசிக்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கொடுப்பது இந்தப் பேச்சைத்தான். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 1,200 சொற்கள், அச்சில் இரண்டு மூன்று பக்கம். இரண்டு மாலைகள் போதும். கூர்மையான பென்சில் ஒன்றும் வெள்ளைத்தாள் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்தாலும் ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்திருங்கள். சில இடங்களில் அது கட்டாயம் தேவைப்படும்.

முதல் படி: பேச்சைத் திறக்காதீர்கள், தீர்மானத்தைக் கண்டுபிடியுங்கள்

எந்த அரசியல் பேச்சானாலும் முதலில் கேட்கவேண்டியது, பேசியவர் கேட்டவர்களிடம் அன்றைக்கு என்ன செய்யச் சொன்னார் என்பது. 'சுதந்திரம் கேட்டார்' என்பது போன்ற பதில் போதாது. கையைத் தூக்கச் சொன்னாரா, கையெழுத்துப் போடச் சொன்னாரா, பணம் கேட்டாரா என்ற அளவுக்கு இறங்கி வரவேண்டும்.

இடம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் காலனிகளில் ஒன்றான வர்ஜீனியாவின் ரிச்மண்ட் என்ற சிற்றூர். நாள் 1775 மார்ச் 23. தலைநகரம் வில்லியம்ஸ்பர்க். அங்கே மன்னரின் ஆளுநர் டன்மோர் பிரபு இருந்தார். அவர் கண்ணெதிரில் கூடுவது ஆபத்து என்பதால் இரண்டாம் வர்ஜீனியா மாநாடு ரிச்மண்டுக்கு வந்தது. அங்கே அத்தனை பேரை உட்காரவைக்கும் அளவுக்கு இருந்த கட்டடம் மேட்டின் மேல் இருந்த ஒரு மரக் கோயில், இன்று புனித ஜான் தேவாலயம் என்று அழைக்கப்படுவது. சுமார் 120 பிரதிநிதிகள். தலைமை பேட்டன் ராண்டால்ஃப். ஜார்ஜ் வாஷிங்டனும் தாமஸ் ஜெஃபர்சனும் இருக்கைகளில் இருந்தார்கள். ஹென்றிக்கு அப்போது வயது 38. ஹனோவர் பகுதியின் பிரதிநிதி, வழக்கறிஞர். 1765-ல் காகித ஆவணங்கள் மீது பிரிட்டன் விதித்த முத்திரை வரியை எதிர்த்துத் தீர்மானங்கள் கொண்டுவந்த நாளிலிருந்தே வர்ஜீனியாவுக்குத் தெரிந்த குரல்.

அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் சாரம் இதுதான்: இந்தக் காலனியை உடனே தற்காப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும், ஊர் மக்களே ஆயுதம் எடுத்துப் பயிற்சி பெறும் குடிப்படையைத் திரட்ட ஒரு குழு திட்டம் வகுக்க வேண்டும். அவ்வளவே. தனிநாடு என்ற பேச்சு தீர்மானத்தில் கிடையாது. நமக்கு வந்து சேர்ந்திருக்கும் பேச்சிலும் அந்தச் சொல் ஓரிடத்தில்கூட இல்லை. சுதந்திரப் பிரகடனம் வருவதற்கு இன்னும் 15 மாதங்களுக்கு மேல் இருந்தது. ஆனாலும் குடிப்படைக்குக் கை தூக்குகிறவர் எந்தப் பாதையில் கால் வைக்கிறார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அத்தனை தயக்கம்.

தாளின் தலையில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: "குடிப்படைக்கு ஓட்டு."

இரண்டாம் படி: தயங்குகிறவர் யார்?

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயமே. புதிதாக வாசிக்கிறவர்கள் பேச்சாளரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கவேண்டியது எதிரே உட்கார்ந்திருப்பவரை. அவரிலும் முழு எதிரியையும் முழு ஆதரவாளரையும் விட்டுவிடுங்கள். நடுவில் உட்கார்ந்து, மனதுக்குள் 'ஆனால்...' என்று இழுத்துக்கொண்டிருப்பவர் ஒருவர் இருப்பார். பேச்சு முழுவதும் அவருக்காகத்தான்.

அவர் எப்படி இருந்தார் என்று ஊகிக்க நல்ல தடயம் ஒன்று உண்டு. ஹென்றி எழுவதற்குச் சற்று முன்புதான் அந்த மாநாடு ஜமைக்கா சட்டசபைக்கு நன்றி தெரிவித்திருந்தது. அமெரிக்கக் காலனிகளுக்காக மன்னரிடம் மனு அனுப்பியிருந்தது அந்தச் சபை. நன்றித் தீர்மானத்தில், நாம் சுதந்திரமாகவும் மகிழ்ச்சியாகவும் வாழ்ந்த அந்த நல்ல நாட்கள் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பதே நமது ஆவல் என்ற பொருளில் ஒரு வாக்கியமும் இருந்தது. தயங்குகிறவரின் மனசு அதுதான். பழைய நாட்கள் திரும்பினால் போதும். இவர் கெட்டவரும் இல்லை, கோழையும் இல்லை. ராபர்ட் கார்ட்டர் நிக்கோலஸ், எட்மண்ட் பெண்டில்டன் போன்ற மரியாதைக்குரிய பெரியவர்கள் தீர்மானத்தை எதிர்த்தார்கள். அவர்களில் பலர் வரி விஷயத்தில் பிரிட்டனைக் கண்டித்தவர்களே. துப்பாக்கி மட்டும் அவசரம் என்று நினைத்தார்கள்.

அவருடைய 'ஆனால்'களை நீங்களே எழுதிப் பாருங்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசலாமா? மன்னர் நம் மனுவை வாங்கிக்கொண்டாரே, பொறுக்கலாமே? இன்னொரு தரம் எடுத்துச் சொல்லிப் பார்த்தால் என்ன? உலகின் பெரிய கடற்படையை நம்மால் எதிர்க்க முடியுமா? நாம் ஏன் இதில் தலையிட வேண்டும், சிக்கல் வடக்கே பாஸ்டன் நகரில்தானே? ஐந்தாறு கிடைத்தால் போதும்.

மூன்றாம் படி: வாய்விட்டு வாசியுங்கள், விளிகளுக்குக் கோடு போடுங்கள்

இப்போது பேச்சைத் திறக்கலாம். முதல் தரம் எதையும் ஆராய வேண்டாம். கொஞ்சம் மெதுவாக, பக்கத்து அறைக்குக் கேட்கும் அளவுக்கு வாசியுங்கள். அடிக்கடி ஒரு விளி குறுக்கிடும், நம் மேடை வழக்கில் 'தலைவர் அவர்களே' என்பதுபோல. ஒவ்வொன்றுக்கும் கோடு போடுங்கள். விதிப்படி ராண்டால்ஃபைப் பார்த்துப் பேசவேண்டும் என்பதற்காக மட்டும் வருவது அல்ல அது. கடுமையான சொல் வரும் இடங்களில் அந்த விளி அடுத்தடுத்து நெருங்கி வருவதைக் கவனியுங்கள். குரல் உயரும்போது பணிவும் கூடவே உயர்கிறது. கோபக்காரன் பேசுகிறான் என்று தயங்குகிறவர் ஒதுக்கிவிட முடியாது.

இன்னொரு குறியும் போடுங்கள். 'நான்', 'நாம்', 'கனவான்கள்' என்று மூன்று பேர் வருகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதைத் தமிழில் நாம் என்றோ நாங்கள் என்றோ பிரித்தாகவேண்டும். இந்தப் பேச்சை மொழிபெயர்க்கிறவர் 'நாங்கள்' என்று போட்டுவிட்டால் பேச்சே செத்துவிடும். மனுக் கொடுத்தது நாம், ஏமாந்தது நாம், உண்மைக்குக் கண்ணை மூடிக்கொள்வதும் நாம். தன்னை எதிர்த்து ஓட்டுப் போடப்போகிறவரையும் அந்த 'நாம்' என்ற சொல்லுக்குள் இழுத்து உட்காரவைக்கிறார் ஹென்றி. முடிவை நெருங்கும்போதுதான் 'கனவான்கள் சமாதானம் சமாதானம் என்று கூவலாம்' என்று அவர்களைத் தள்ளி நிறுத்துகிறார். கடைசி வாக்கியத்தில் 'நாம்' அடியோடு மறைந்து 'நான்' மட்டும் நிற்கிறது.

நான்காம் படி: எந்த வாசல் எங்கே அடைபடுகிறது?

இரண்டாம் தரம் வாசிக்கும்போது, இரண்டாம் படியில் எழுதிய 'ஆனால்' ஒவ்வொன்றையும் ஒரு வாசலாக நினைத்துக்கொள்ளுங்கள். தயங்குகிறவர் நழுவிப்போகக் கூடிய வாசல்கள். ஹென்றி அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருகிறார். எந்த வரியில் எது அடைபடுகிறது என்று ஓரத்தில் எண் போடுங்கள்.

முதல் வாசல் மரியாதை. எனக்கு முன் பேசிய பெரியோர்களின் நாட்டுப்பற்றையும் திறமையையும் என்னைவிட மதிப்பவர் இல்லை என்றுதான் பேச்சே தொடங்குகிறது. உடனே அடுத்த வாக்கியம்: ஒரே பொருளை வெவ்வேறு மனிதர் வெவ்வேறு வெளிச்சத்தில் பார்ப்பதுண்டு. பிறகு இது சம்பிரதாயம் பார்க்கும் நேரம் அல்ல என்கிறார். யாரும் மனம் புண்படக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நாட்டுக்குச் செய்யும் துரோகம், மண்ணுலக மன்னர் எல்லோருக்கும் மேலான இறைவனுக்குச் செய்யும் துரோகம் என்கிறார். அந்த வாக்கியத்தில் 'மன்னர்' என்ற சொல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜார்ஜ் மன்னரின் பெயரைச் சொல்லாமலே அவரை ஒரு படி கீழே இறக்கிவிட்டார்.

அடுத்து நம்பிக்கை. நம்பிக்கையின் மயக்கத்தில் கிடப்பது மனித இயல்புதான் என்று ஒப்புக்கொள்கிறார். தயங்குகிறவரை அவர் முட்டாள் என்று சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பிறகு கேட்கிறார்: விடுதலைக்காகப் போராடும் அறிவாளிகள் செய்கிற காரியமா இது? மூன்றாவது, மனுவை மன்னர் புன்னகையோடு வாங்கிக்கொண்டார் என்ற செய்தி. அந்தப் புன்னகை கால்களுக்கு வைத்த கண்ணி, முத்தத்தால் காட்டிக்கொடுக்கப்படாதீர்கள் என்கிறார்.

நான்காவது வாசலில்தான் என் பென்சில் எப்போதும் நின்றுவிடுகிறது. 'வாதாடிப் பார்க்கலாமா? பத்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.' 1765 முத்திரை வரியிலிருந்து 1775 வரை சரியாகப் பத்து வருடம். அலங்காரமே இல்லாத வரி. அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் அந்தப் பத்து வருடத்தை வாழ்ந்தவர்கள். கண்டனக் கடிதங்கள் வரைந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் செய்ததையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறார்.

பிறகு பலவீனம் என்ற வாசல், அதற்கடுத்து ஒதுங்கிக்கொள்வது என்ற வாசல். இவற்றை நீங்களே கண்டுபிடியுங்கள். எல்லாம் அடைந்த பிறகு மண்டபத்தில் ஒரே வழிதான் திறந்திருக்கும். அப்போதுதான் 'நாம் போரிட்டாக வேண்டும்' என்ற சொல் வருகிறது. பேச்சின் பாதியைத் தாண்டிய பிறகு! அதை முதல் பத்தியிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து கூச்சலிட்டிருப்பார்கள்.

ஐந்தாம் படி: கேள்விகளை எண்ணுங்கள்

பள்ளியில் வினா ஆறு வகை என்று படித்திருப்போம்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. ஹென்றியின் கேள்விகளுக்குப் பக்கத்தில் இந்தப் பெயர்களை எழுதிப் பாருங்கள், அழகான பயிற்சி.

'உலகின் இந்தப் பக்கத்தில் இத்தனை கப்பலும் படையும் குவிக்கும் அளவுக்குப் பிரிட்டனுக்கு எதிரி யாராவது இருக்கிறார்களா?' இது அறிவினா. பதில் அவருக்குத் தெரியும். கேட்டவர்களுக்கும் தெரியும். உடனே அவரே சொல்லிவிடுகிறார்: இல்லை, அவை நமக்காகத்தான் வந்திருக்கின்றன.

'எப்போது வலுப்பெறுவோம்? அடுத்த வாரமா, அடுத்த வருடமா? நம் ஆயுதங்களையெல்லாம் பறித்துக்கொண்டு வீட்டுக்கொரு பிரிட்டிஷ் காவலாளியை நிறுத்திய பிறகா?' இங்கே பதில் சொல்லவில்லை. கேட்கிறவரே தன் வீட்டு வாசலில் சிப்பாய் நிற்பதைக் கற்பனை செய்து பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். எங்கே பதிலைத் தானே சொல்கிறார், எங்கே விட்டுவிடுகிறார் என்று பிரித்துக் குறியுங்கள். செய்தி பற்றிய கேள்விகளுக்குப் பெரும்பாலும் அவரே பதில் சொல்கிறார். அச்சமும் மானமும் தொடர்பான கேள்விகளைக் கேட்பவரிடம் விடுகிறார்.

ஆறாம் படி: மனு வாக்கியத்தோடு கொஞ்ச நேரம் இருங்கள்

இந்த ஓரிடத்துக்காக ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். என் தமிழில் இப்படி வரும்:

"மனுக் கொடுத்தோம், கண்டனம் தெரிவித்தோம், மன்றாடினோம், அரியணைக்கு முன்னால் விழுந்து கிடந்தோம்."

சற்றுத் தள்ளி:

"நம் மனுக்களை அலட்சியம் செய்தார்கள், நம் கண்டனங்களுக்கு மேலும் வன்முறையும் அவமானமும் கிடைத்தன, நம் மன்றாட்டைப் பொருட்படுத்தவில்லை, அரியணையின் காலடியிலிருந்து நம்மை இகழ்ந்து உதைத்துத் தள்ளினார்கள்."

நமக்குப் பழக்கமான கட்டுமானம்தான் இது. 'அன்பும் அறனும்' என்று தொடங்கும் குறளை வைத்துப் படித்த நிரல்நிறை. அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன் என்று வரிசை மாறாமல் போய்ப் பொருந்தும். இங்கே நான்கு செயல், நான்கு விளைவு, அதே வரிசை. இரண்டையும் தாளில் இடமும் வலமுமாக எழுதிக் கோட்டால் இணையுங்கள். நிரல்நிறை என்று பெயர் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது. நான்கு செயல்களில் உடம்பு எப்படித் தாழ்ந்துகொண்டே போகிறது என்று பாருங்கள். மனு எழுதுகிறவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். கண்டிக்கிறவர் எழுந்து நிற்கிறார். மன்றாடுகிறவர் மண்டியிடுகிறார். கடைசியில் தரையில் கிடக்கிறார். உதை விழுவது அந்த நிலையில்தான்.

எங்கள் குழுவில் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இந்த இடத்தை ஒரு கல்லூரி மாணவி வாசித்து முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "இந்த வரிசை எனக்குத் தெரியும்மா. முதலில் மனு, அப்புறம் நினைவூட்டல் மனு, அப்புறம் நேரில் வந்து கெஞ்சுறது, கடைசியா கால்ல விழுறது. முப்பது வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கேன்." அந்த மாணவி அதே வாக்கியத்தை மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் பின்னால் நிறுத்தினாள். முதல் தடவை ஒரே மூச்சில் ஓடிப்போனவள்.

நீங்களும் அப்படி இரண்டு விதமாக வாசித்துப் பாருங்கள்.

ஏழாம் படி: கடன் வாங்கிய சொற்கள்

கேட்டவர்கள் பைபிளோடு வளர்ந்தவர்கள். கூட்டம் நடந்ததும் கோயிலுக்குள். எனவே பாதிச் சொற்களை ஹென்றி அவர்கள் நினைவிலிருந்தே எடுக்கிறார். தமிழ் வேதாகமம் வாசித்த பழக்கம் இருந்தால் உங்களுக்கும் உடனே பிடிபடும். கண்ணிருந்தும் காணாதவர்கள், காதிருந்தும் கேளாதவர்கள் என்பது எசேக்கியேல். முத்தத்தால் காட்டிக்கொடுப்பது யூதாஸ். 'சமாதானம் சமாதானம் என்று கூவலாம், ஆனால் சமாதானம் இல்லை' என்பது எரேமியா.

எல்லாவற்றிலும் நுட்பமானது விளக்கு. 'என் கால்களுக்கு வழிகாட்ட என்னிடம் ஒரே விளக்குத்தான் உண்டு, அது அனுபவம் என்னும் விளக்கு' என்கிறார். கேட்டவர்கள் காதில் ஒலித்திருக்கக்கூடியது 119-ஆம் சங்கீதம்: உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம். தேவ வசனம் இருந்த இடத்தில் அனுபவத்தை வைத்துவிட்டார்! வேத வாக்கின் கனம் அப்படியே இருக்கிறது, உள்ளே இருப்பது மட்டும் பத்து வருட அரசியல் கணக்கு. இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எட்டாம் படி: கடைசி வரிக்கு முன்னால் நில்லுங்கள்

கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு அதற்கு முந்தைய வரிகளை உரக்க வாசியுங்கள். 'நம் சங்கிலிகள் வார்க்கப்பட்டுவிட்டன, அவை கலகலப்பது பாஸ்டன் வெளிகளில் கேட்கிறது.' 1774-ல் பாஸ்டன் துறைமுகத்தை மூடி, ஊருக்குள் படையை நிறுத்தியிருந்தது பிரிட்டன். சிக்கல் பாஸ்டனில்தானே என்ற வாசல் இங்கே அடைபடுகிறது. சத்தம் இங்கேவரை கேட்கிறது, அடுத்து வீசும் வடகாற்று ஆயுதங்கள் மோதும் ஒலியைக் கொண்டுவரும் என்கிறார்.

போர் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றும் சொல்கிறார். இந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். மார்ச் 23 அன்று போர் தொடங்கியிருக்கவில்லை. பாஸ்டனுக்கு அருகே லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் முதல் குண்டு பாய்ந்தது ஏப்ரல் 19. வரப்போவதை வந்துவிட்டதாகச் சொல்வது இணங்கவைக்கும் பேச்சின் பழைய வித்தை. முடிவெடுக்கும் சுமையைக் கேட்பவர் தோளிலிருந்து இறக்கிவிடுகிறது அது: நீங்கள் போரைத் தொடங்கவில்லை, அது தொடங்கியாகிவிட்டது, நீங்கள் பதில்தான் சொல்லப்போகிறீர்கள். நான்கு வாரத்தில் அது உண்மையாகிவிட்டதால் ஹென்றியைத் தீர்க்கதரிசி என்றார்கள். இதே வித்தை பொய்யாகிப்போன பேச்சுகளும் உலகில் ஏராளம். அந்த மயக்கத்தில் இளைஞர்கள் செத்திருக்கிறார்கள். எனவே குறியை அழிக்காதீர்கள்.

இப்போது கையை எடுத்துவிட்டுக் கடைசி வரி. 'மற்றவர்கள் எந்த வழியில் போவார்களோ எனக்குத் தெரியாது, என்னைப் பொறுத்தவரை...' சிலர் இதைக் கத்தி வாசிப்பார்கள். நான் முதல் பாதியைத் தாழ்ந்த குரலில் வாசிக்கச் சொல்வேன். இத்தனை நேரம் 'நாம்' என்றவர் இங்கே யாரையும் வற்புறுத்தாமல் விலகி நிற்கிறார். தயங்குகிறவரிடம் எதுவும் கேட்கவில்லை. தனக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறார். அந்த இடத்தில் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். மணிக்கட்டுகளை விலங்கிட்டதுபோல் சேர்த்து வைத்து, பிறகு பிய்த்தெறிவதுபோல் விரித்து, கடைசிச் சொல்லில் நெஞ்சில் குத்திக்கொள்வதுபோல் கையை ஓங்கினார் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவர்கள் உண்டு.

தீர்மானம் சிறிய வித்தியாசத்தில் நிறைவேறியது. அமைந்த குழுவில் ஹென்றியோடு வாஷிங்டனும் ஜெஃபர்சனும் இருந்தார்கள்.

ஒன்பதாம் படி: இந்தச் சொற்கள் யாருடையவை?

இதை வேண்டுமென்றே பின்னால் வைத்தேன். முதலில் பேச்சு உங்களைத் தொடட்டும், பிறகு இந்தக் கேள்வி.

ஹென்றி எழுதிவைத்த கைப்பிரதி எதுவும் கிடையாது. அன்றைய செய்தித்தாள்கள் பேச்சை அச்சிடவில்லை. நாம் வாசிக்கும் வடிவம் 1817-ல் வில்லியம் வெர்ட் என்பவர் வெளியிட்ட ஹென்றியின் வாழ்க்கை வரலாற்றில் இருந்து வருகிறது. பேச்சு நடந்து 42 வருடம், ஹென்றி இறந்து 18 வருடம் கழித்து. அன்று கேட்டவர்களின் நினைவுகளைக் கடிதம் மூலம் கேட்டு வாங்கித் தொகுத்தார் வெர்ட். செயின்ட் ஜார்ஜ் டக்கர் என்ற நீதிபதியின் நினைவு அதில் முக்கியமானது. ஹென்றியின் வாழ்வு முழுக்கப் பேச்சு, பேச்சு, பேச்சாக இருக்கிறது, ஆனால் அவருடைய சிறந்த காலத்துப் பேச்சு ஒன்றுகூட எழுத்தில் மிஞ்சவில்லையே என்று 1815-ல் நண்பருக்கு எழுதிப் புலம்பியிருக்கிறார் வெர்ட்டே.

பேச்சு நடந்த இரண்டு வாரத்துக்குள் எழுதப்பட்ட கடிதம் ஒன்றும் இருக்கிறது. நார்ஃபோக் ஊரில் வணிகம் செய்த ஜேம்ஸ் பார்க்கர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மன்னர் பக்கம் நின்றவர், எரிச்சலோடு எழுதுகிறார்: இவ்வளவு திமிரான பேச்சை நீர் கேட்டிருக்கமாட்டீர், மன்னரைக் கொடுங்கோலன், முட்டாள், கைப்பாவை என்றெல்லாம் ஹென்றி சொன்னார். நம் கையில் உள்ள வடிவத்தில் இந்த வசவுகள் கிடையாது. ஆகவே 1775-ல் மண்டபத்தில் கேட்டது இதைவிடக் கரடுமுரடாக இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். வாசல்களை அடைக்கும் வரிசை ஹென்றியுடையதா, அதைத் தேய்த்து மெருகேற்றியவர் வெர்ட்டா என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. தாளின் ஓரத்தில் இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். எந்தப் பழைய பேச்சை எடுத்தாலும் யார் எழுதிவைத்தது, எத்தனை வருடம் கழித்து என்ற இரண்டு கேள்வியையும் விடாதீர்கள்.

பத்தாம் படி: சங்கிலி என்ற சொல்லைப் பின்தொடருங்கள்

அடிமைத்தனம், சங்கிலி, அடிபணிதல் ஆகிய சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று வட்டமிடுங்கள். இந்த விவாதம் விடுதலையா அடிமைத்தனமா என்ற கேள்விதான் என்று தொடக்கத்திலேயே சொல்கிறார் ஹென்றி. இந்த உவமை அவ்வளவு வேகமாகப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அடிமை வாழ்வு எப்படிப்பட்டது என்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நேரில் தெரியும். அவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். வர்ஜீனியா மக்களில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குக் கறுப்பின அடிமைகள். 'விடுதலையின் புனித நோக்கத்துக்காக ஆயுதம் ஏந்திய முப்பது லட்சம் மக்கள்' என்று பேச்சில் ஒரு தொடர் வருகிறது. அந்த நாளில் பதின்மூன்று காலனிகளின் மொத்த மக்கள்தொகை சுமார் 25 லட்சம், அதில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அடிமைகள். அந்தக் கணக்கில் அவர்கள் இருந்தார்கள். ஆயுதம் ஏந்துகிறவர்களில் அவர்களை யாரும் நினைக்கவில்லை. 1775 நவம்பரில் ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தபோது நூற்றுக்கணக்கானோர் தப்பி அவரிடம் போனார்கள். விடுதலை என்ற சொல்லை அவர்களும் கேட்டிருந்தார்கள்.

ஹென்றிக்கு இது தெரியாமல் இல்லை. 1773 ஜனவரியில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ராபர்ட் பிளசன்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், நானே விலைகொடுத்து வாங்கிய அடிமைகளுக்கு நான் எஜமானன் என்றால் யாராவது நம்புவார்களா என்று கேட்கிறார். அவர்கள் இல்லாமல் இங்கே வாழ்வதில் உள்ள பொதுவான சிரமம் தன்னை இழுத்துச் செல்கிறது என்கிறார். 'இதை நியாயப்படுத்த மாட்டேன், என்னால் முடியாது' என்றும் எழுதுகிறார். 1799-ல் இறக்கும்போதும் அவர் அடிமைகளின் உரிமையாளர்தான்.

இந்தக் கடிதத்தைத் தேடி எடுத்துப் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்து, அதே பென்சிலால் வாசியுங்கள். இங்கே தயங்குகிறவர் ஹென்றி. 'சிரமம்' என்பது அவர் தனக்காகத் திறந்துவைத்த வாசல். பேச்சில் அவர் கேட்ட கேள்வியையே இங்கே ஓரத்தில் எழுதிப் பாருங்கள்: எப்போது? அடுத்த வாரமா, அடுத்த வருடமா?

அடுத்து எந்தப் பேச்சு?

இந்த முறை கைவந்துவிட்டால் அடுத்ததாக ஃபிரெடெரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் ஆற்றிய உரையை எடுங்கள். அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். அடிமைக்கு உங்கள் சுதந்திர நாளான ஜூலை நான்கு என்னவாக இருக்கிறது என்று கேட்ட பேச்சு அது. நீளமானது, எனவே நான்கு மாலைகள் ஒதுக்குங்கள். நடுப்பகுதியில் அவரும் வாசல்களை அடைக்கிறார். அடிமை ஒரு மனிதன் என்று நான் வாதாட வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வாதாட மறுக்கிறார். அதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள் நீங்கள்தான் என்கிறார். அதற்கு ஆதாரமாக ஒரு மாநிலத்தின் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறார்: அங்கே ஒரு கறுப்பர் செய்தால் மரண தண்டனை கிடைக்கும் குற்றங்கள் 72, அவற்றையே வெள்ளையர் செய்தால் இரண்டுக்கு மட்டும்தான் மரண தண்டனை. மிருகத்துக்கு யாராவது சட்டம் எழுதுவார்களா? அவர் பெயர் சொல்லிக் காட்டும் அந்த மாநிலம் வர்ஜீனியா.